எது என் வேலை, எது ஆண்டவர் வேலை: அப்பாவின் டயாலிசிஸ் நாட்களில் கற்றுக்கொண்டவை

"ஆண்டவர் கையில ஒப்புக்கொடுத்துட்டேன்" என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். ஜெபக்கூட்டத்தில் சொல்கிறோம், போனில் சொல்கிறோம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனத்தோடு போடுகிறோம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் இருந்து மறுநாள் காலை மாத்திரை வரைக்கும் அது எப்படி இருக்கும் என்று அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. நான் எழுதுவது அதைப் பற்றித்தான். பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயல் இழந்து, வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்று ஆன பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையும், எதெல்லாம் கைகொடுத்தது என்பதையும் எழுதுகிறேன். இப்போதுதான் இந்தப் பாதையில் கால் வைக்கிறவர்கள் யாருக்காவது உதவும்.

அப்பா டயோசிசன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். பல வருஷமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். சிறுநீரகம் கெடுவதற்கு இந்த இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் தங்குகிற கழிவான கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போனதால் டாக்டர் முன்கூட்டியே இடது கையில் ஃபிஸ்டுலா வைக்கச் சொல்லிவிட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கையில் இருக்கிற ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்துவிடுவார்கள், ரத்தம் வேகமாகப் பாய்ந்து பாய்ந்து அந்தச் சிரை தடித்து, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்குத் தோதாக ஆகிவிடும். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே வண்டு ரீங்காரமிடுகிற மாதிரி ஒரு அதிர்வு தெரியும். அது இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, பை தூக்கக் கூடாது, அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவும் கூடாது.

அப்புறம் சாப்பாடு. அப்பாவுக்கு நீர் ஆகாரம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று சொல்லியிருந்தார்கள், அதில் காபி, ரசம், மோர், கஞ்சி, மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாமே அடக்கம். திருநெல்வேலி வெயிலில் ஒரு லிட்டர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். இளநீர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, ரெண்டிலும் பொட்டாசியம் அதிகம். காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கிறார்களே, அது நல்லது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம்தான். இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

நான் ஒரு நீளமான கணக்கு நோட்டு போட்டேன். தண்ணீர் எத்தனை மில்லி, எடை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அதிர்வு உண்டா இல்லையா, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கட்டம். ஆபீஸிலிருந்து அம்மாவுக்கு போன் போட்டு மத்தியானக் கணக்கு கேட்பேன். அப்பா தம்ளரை எடுக்கிற சத்தம் கேட்டால் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பேன். திருவிருந்தில் போதகர் கொடுக்கிற அந்த ஒரு மிடறு திராட்சரசத்தைக்கூட மனசுக்குள் அன்றைய கணக்கில் சேர்த்தேன், அதுவும் முழங்கால்படியிட்டுக்கொண்டே. நான் கவனமாக இருந்தால் அப்பா இருப்பார், நான் அசந்தால் போய்விடுவார் என்ற எண்ணம்தான் அந்த நோட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. குடும்ப ஜெபத்தில் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று சத்தமாகத்தான் சொல்வேன், ஆனால் கண்ணை மூடியிருக்கும்போதே மனசு அடுத்த எடையைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் விரலை வைத்தேன், அதிர்வு இல்லை. கொஞ்சம் மேலே வைத்தேன், கீழே வைத்தேன், காதை வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. அந்த வாரம் நோட்டில் எல்லாம் அளவோடுதான் இருந்தது, எடையும் சரி, தண்ணீரும் சரி, கையை யாரும் அழுத்தவும் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஃபிஸ்டுலாவில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது, திறக்க முயன்று பார்த்தார்கள், முடியவில்லை. கழுத்தில் ஒரு குழாய் வைத்து டயாலிசிஸைத் தொடர்ந்தார்கள். வலது கையில் புதிதாக வைக்க வேண்டும், அது பக்குவமாவதற்கு ஒன்றரை மாதம், சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும் என்றார்கள். எதனால் இப்படி ஆனது என்று கேட்டேன். பிரஷர் இறங்கியிருக்கலாம், உள்ளே சுருங்கியிருக்கலாம், சில நேரம் காரணம் பிடிபடாமலே அடைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். கணக்குப் பார்க்கிற எனக்கு அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

வார்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர்தான் கேட்டார்.

"நோட்டுல எல்லாம் சரியாத்தானே எழுதியிருந்த?"

"ஆமாப்பா."

"அப்போ இது உன் நோட்டுக்கு வெளியே உள்ளதும்மா. அதுக்கு வேற ஆள் இருக்காரு."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். கழுத்தில் தையல் போட்டுக் குழாய் தொங்குகிறது, மனுஷன் குறட்டை விட்டுத் தூங்குகிறார். நான்தான் விழித்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு பெரிய சமாதானம் எதுவும் வந்துவிடவில்லை. வேதத்தில் யோசபாத் ராஜா, பெரிய சேனை எதிரே வரும்போது, "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது" என்று ஜெபிக்கிறார், 2 நாளாகமம் 20-ல். அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜாவே சபை நடுவில் நின்று தெரியவில்லை என்று சொல்லலாம் என்றால் நானும் சொல்லலாம். விசுவாசிக்கிறவர்கள் எப்போதும் தைரியமாகப் பேச வேண்டும் என்று ஒரு பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது, அது பல பேரை உள்ளுக்குள் நொறுக்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்தது ஒன்றுதான். நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம் என் வேலை: தண்ணீர் அளந்து வைப்பது, மாத்திரை, அதிர்வு பார்ப்பது, இல்லை என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் போன் செய்வது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு என்ன கிடைக்கும், நமக்குத் தகுதி உண்டா என்று விசாரிப்பது. வலது பக்கம் என் கையில் இல்லாதது: புதிய ஃபிஸ்டுலா எடுக்குமா, ஊசி ஒரே குத்தில் ஏறுமா, மாற்றுச் சிறுநீரகம் கிடைக்குமா, அப்பா இன்னும் எத்தனை வருஷம் இருப்பார். ராத்திரி படுக்கப் போகும் முன்பு வலது பக்கத்தை மட்டும் சத்தமாக வாசித்து ஜெபிப்பேன், நோட்டை மூடுவேன், அதற்குப் பிறகு எடுப்பதில்லை. அசீரியர்களின் கடிதம் வந்தபோது எசேக்கியா அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார் என்று 2 இராஜாக்கள் 19-ல் இருக்கிறது. அதே மாதிரி லேப் ரிப்போர்ட் வந்த அன்றைக்கு அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, பொட்டாசியம், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே ஜெபித்தோம். பொதுவாக "சுகம் தாரும்" என்று ஜெபித்துவிட்டு மனசுக்குள் பொட்டாசியத்தை நினைத்துப் பயந்துகொண்டிருப்பதை விட இது நேர்மையாக இருந்தது.

பயம் வராமல் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துபோய் அப்பா கையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும், ஆரம்பத்தில் பார்க்கவும் செய்தேன். பிறகு, படுக்கும்போது ஒரு தடவை, எழும்போது ஒரு தடவை, நடுவில் இல்லை என்று வைத்துக்கொண்டேன். நடுவில் முழிப்பு வந்தால் வலது பக்கத்தில் இருந்து ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். சில ராத்திரி தூக்கம் வந்தது, சில ராத்திரி வரவில்லை. இரண்டு விதமான ராத்திரியிலும், வலது கையில் வைத்த புதிய ஃபிஸ்டுலாவின் அதிர்வு அதன் பாட்டுக்கு இருந்தது.

கோடு போட்ட பிறகுதான் தெரிந்தது, அப்பா சந்தோஷமாக இருக்கிறாரா என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. அவருக்கு ஊர் அசனத்துக்குப் போக ஆசை. ஒவ்வொரு வருஷமும் கோவில் வளாகத்தில் பந்தியில் உட்கார்ந்து, படித்த பிள்ளைகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கறிச்சோறு சாப்பிட்டு வந்தவர். "வேண்டாம்பா, உப்பு, கறி, கூட்டம்" என்று முன்பு ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இந்தத் தடவை டாக்டரிடமே கேட்டேன். கொஞ்சமாக, குழம்பைக் குறைத்து, மறுநாள் டயாலிசிஸ் இருக்கிற மாதிரி பார்த்துப் போய்வாருங்கள் என்றார். போனோம். இலையில் ஒரு கரண்டிச் சோறும் இரண்டு துண்டு கறியும் வைத்துக்கொண்டு அப்பா அரை மணி நேரம் சாப்பிட்டார், சாப்பிட்டதை விடப் பேசியதுதான் அதிகம். நரைத்துப்போன ஒருவர் வந்து காலைத் தொட்டு, "சார், நான் உங்ககிட்ட அடி வாங்கினவன்" என்றார். அப்பாவுக்கு அன்றைக்கு வந்த முகக்களையை எந்த மருந்தும் கொடுத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒப்புக்கொடுப்பது என்றால் வைத்தியத்தை விடுவது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், விசுவாசம் இருந்தால் ஊசியை நிறுத்திவிட்டுக் கர்த்தரை மட்டும் நம்புங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது, இப்போது நினைத்தாலும் வருகிறது. டயாலிசிஸைத் தவறவிட்டால் தண்ணீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சு முட்டும், பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும், இது நாள் கணக்கில் நடக்கிற காரியம். அப்பா பொறுமையாக அவருக்கு 2 இராஜாக்கள் 20-ஐத் திறந்து காட்டினார். எசேக்கியா வியாதியாய் இருந்தபோது கர்த்தர் 15 வருஷம் கூட்டித் தருகிறேன் என்று சொல்கிறார், அப்படிச் சொன்ன பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. யாராவது உங்கள் வீட்டில் வந்து இப்படிச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு அம்மாவால் கொடுக்க முடியாது, அம்மாவுக்கும் சர்க்கரை. தம்பி கொடுக்கிறேன் என்றான், சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கிறவன் என்று அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆகவே ஆஸ்பத்திரி மூலமாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்தோம். மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பம் சம்மதித்துக் கொடுக்கிற உறுப்புகள் அந்த வரிசைப்படிதான் போகும். பதிவு செய்த பிறகு எனக்கு ஜெபிப்பதில் ஒரு திணறல் வந்தது. "சீக்கிரம் கிடைக்கப்பண்ணும்" என்று கேட்டால், நான் உண்மையில் எதைக் கேட்கிறேன்? 2008-ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான அவனுடைய பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி ஒரு வீட்டில் இடி விழுந்தால்தான் எங்கள் வீட்டுக்கு போன் வரும். இதை அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எப்போ, யார் மூலமான்னு நாம கேக்க வேண்டாம்மா, கொடுக்கிற வீட்டுக்கு ஆறுதலைக் கேட்போம்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் ஜெபித்தோம்.

ஒரு ராத்திரி போன் வந்தது. உடனே கிளம்பி வாருங்கள், எதுவும் சாப்பிட வேண்டாம் என்றார்கள். ஒரு உறுப்புக்கு இரண்டு மூன்று பேரை வரச் சொல்வார்கள், ரத்தம் எடுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்து, வரிசையில் முன்னால் இருக்கிறவருக்குப் பொருந்தினால் அவருக்குத்தான். வராண்டாவில் எங்களுக்கு எதிர் பெஞ்சில் இன்னொரு குடும்பம். சின்ன வயசுப் பையன், கையில் எங்கள் அப்பாவுக்கு இருக்கிற மாதிரியே புடைத்த நரம்பு, பக்கத்தில் அவன் மனைவி மடியில் தூங்குகிற குழந்தை. விடிகிற நேரத்தில் நர்ஸ் வந்து அந்தப் பையனின் பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் அழுதாள், சிரித்தாள், குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடமே கொடுத்துவிட்டு அவன் பின்னால் ஓடினாள். குழந்தையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தொண்டையை அடைக்கிறது. அப்பா அந்தப் பெஞ்சிலேயே கண்ணை மூடி, மெதுவான குரலில் ஜெபித்தார்: "ஆண்டவரே, இந்த ராத்திரி பிள்ளைய பறிகொடுத்துட்டு அழுதுகிட்டிருக்கிற வீட்டைத் தேற்றும். இந்தத் தம்பி உடம்பு அதை ஏத்துக்கிடட்டும். எங்க காரியத்தை நீர் பாத்துக்கிடும்." அவ்வளவுதான். அப்புறம் என்னைப் பார்த்து, காபி குடிக்கலாமா, இப்போ கணக்கு புதுசாத்தானே என்றார்.

திரும்பி வருகிற வழியில் கேட்டேன், நாம் ஜெபிக்காமலா இருந்தோம் என்று. அப்பா டோனாவூர் பக்கம் வேலை பார்த்தவர், அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே மனப்பாடம். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர்கள், நூற்றுக்கணக்கான பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்கள், 1931-ல் ஒரு இடத்தில் தவறி விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார்கள். "அத்தனை பிள்ளைகளும் ஜெபிக்காமலா இருந்திருக்கும்?" என்றார் அப்பா. எழுந்து நடக்கவில்லை, ஆனால் படுக்கையில் இருந்தே எழுதினார்கள், பிள்ளைகள் அறைக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். வேதத்தில் அப்போஸ்தலன் பவுலும், தன் மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன உபத்திரவத்தை எடுக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. இதைக் கேட்டு எனக்கு ஏமாற்றம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆனால் கேட்டது கிடைக்காவிட்டாலும் ஆண்டவரிடம் பேச முடிகிறது என்பதை அப்பாவைப் பார்த்து அந்தச் சமயத்தில் படித்தேன், மனசில் உள்ள கோபத்தோடேயே ஜெபித்தேன், ஸ்தோத்திரத்தை வலுக்கட்டாயமாகச் சேர்க்கவில்லை.

எனக்கு விடுவதற்குக் கடைசி வரை கஷ்டமாக இருந்தது இன்னொருவரிடம் அப்பாவை ஒப்படைப்பதுதான். ஆண்டவரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்வது சுலபம், சபை வாலிபர் சங்கத்துப் பையனிடம் கொடுப்பது கஷ்டம். வியாழக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் அக்கா என்று ஒரு தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். மார்ச் மாதம் ஆபீஸில் கணக்கு முடிக்கிற நெருக்கடி, வேறு வழியில்லாமல் சரி என்றேன், அவனுக்கு இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வழியில் டீக்கடையில் அரை டீ குடித்திருக்கிறார்கள், அதை நோட்டில் அப்பாவே எழுதியும் வைத்தார். அதிலிருந்து வியாழக்கிழமை அவனுடையது. நான் ஒரு நாள் மத்தியானம் வீட்டில் தூங்கினேன். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று 127-ஆம் சங்கீதத்தில் வாசித்திருக்கிறோம், எனக்கு அந்த நித்திரை அந்தத் தம்பியின் பைக் வழியாகத்தான் வந்தது.

ஆகவே டயாலிசிஸ் நடக்கிற வீட்டுக்கு நீங்கள் ஜெபிக்கப் போனால் இளநீரும் பழக்கூடையும் கொண்டுபோகாதீர்கள், இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள், விசுவாசத்தை அளக்காதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்த நாலு மணி நேரம் நீங்கள் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள், வீட்டில் இருக்கிறவர்கள் கொஞ்சம் படுத்து எழும்பட்டும்.